பதினோரு மணிப் பால்

மாவுப் பால் கொதிக்கும்போது ஒரு வாடை வரும். நனைந்த சாக்கையும் பழைய சுண்ணாம்புச் சுவரையும் ஒன்றாகச் சூடாக்கி, அதில் கொஞ்சம் இனிப்பைக் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி, தொண்டையின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு இறங்கவும் மாட்டாமல் ஏறவும் மாட்டாமல் நிற்கிற ஒரு வாடை. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கருவாடு காய்கிற களம் இருந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத்தான் நாற்றம் என்பார்கள். எங்களுக்கு அது நாற்றமே இல்லை, காற்று என்றாலே அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். நாற்றம் என்றால் என்னவென்று நான் தெரிந்துகொண்டது நான்காம் வகுப்பில், காலை பத்தரை மணிக்குப் பள்ளிச் சமையல் கொட்டகையில் அலுமினிய அண்டாவில் அந்தப் பால் பொங்கத் தொடங்கிய நாளில்தான். இதை எழுதும்போதே எனக்கு ஓங்கரிக்கிறது.

மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் இடைப்பட்ட கடற்கரையில் எங்கள் ஊர். பெயர் வேண்டாம், எங்கள் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், இந்த வயதில் எனக்கு யாரோடும் சண்டை வேண்டாம். அப்பா வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். அம்மா கிழிந்த வலைகளை மடியில் போட்டுப் பொத்தல் அடைத்துக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறவள். எனக்குக் கீழே ஒரு தம்பி, பள்ளிக்கூடம் போகிற வயதாகவில்லை. அந்த வருடம் எங்கள் வகுப்புக்குப் புதிதாக வந்தவர் செல்வராணி டீச்சர். தாமிரபரணிக் கரையில் நெல் விளைகிற ஊர் அவருக்கு. வீட்டில் நான்கு கறவை மாடு, காலையில் பல் தேய்த்ததும் ஒரு செம்பு பால் என்று வளர்ந்தவர். எங்கள் பிள்ளைகளின் கணுக்காலையும் கழுத்தெலும்பையும் பார்த்து உண்மையாகவே கண் கலங்கியவர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும், நாங்களும் அவரைத் திட்டிவிட்டுப் போயிருப்போம்.

அவர் வந்த இரண்டாம் மாதம் வகுப்புச் சுவரில் ஒரு படம் ஏறியது. ‘சரிவிகித உணவு’ என்று மேலே கொட்டை எழுத்து. நடுவில் ஒரு பெரிய தம்ளர் நிறையப் பால், அதன் பக்கத்தில் பெருமையோடு நிற்கிற பசு, சுற்றிலும் கீரை, பருப்பு, முட்டை, வாழைப்பழம். மீனும் இருந்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். வலது மூலையில், சுண்டுவிரல் நீளத்தில், பெரிய பெரிய செதிலோடு, எங்கள் கடலில் ஒருவரும் பார்த்திராத ஏதோ குளத்து மீன். என்னைக் கூப்பிட வந்த அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, இது என்ன சவம் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை.

படம் ஏறிய மறுவாரம், யாரோ புண்ணியவான் மூட்டை மூட்டையாகப் பால் மாவு அனுப்பினார். பதினோரு மணிக்கு மணி அடிக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த தம்ளரோடு வரிசையில் நிற்க வேண்டும். ஊற்றி வாங்கி, டீச்சர் கண் முன்னாலேயே குடித்து, தம்ளரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். ஒரு சொட்டு விழுந்தாலும் மறுபடி கால் தம்ளர். சரியாகக் கரையாத மாவு அடியில் கட்டி கட்டியாகக் கிடக்கும், வாய்க்குள் போய் உடைந்ததும் உள்ளே இருந்து உலர்ந்த மாவு மேலண்ணத்தில் அப்பிக்கொள்ளும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். ஆடை இருக்கிறதே, அந்த ஆடை! வரிசையின் கடைசியில் நிற்பவளுக்குப் பால் ஆறிப்போய், மேலே மஞ்சளாக ஒரு தோல் படர்ந்திருக்கும். குடிக்கும்போது அது மேலுதட்டில் ஒட்டி, பாதி வாய்க்குள்ளும் பாதி வெளியிலுமாகத் தொங்கும். உள்ளே இழுத்தாலும் அருவருப்பு, வெளியே எடுத்தாலும் அருவருப்பு. நான் உயரமான பிள்ளை என்பதால் தினமும் கடைசி.

குடித்த அரைமணி நேரத்தில் என் வயிற்றுக்குள் பொருமல் தொடங்கும். உப்பும், இரையும், முறுக்கிப் பிழியும். பிறகு ஓட வேண்டும். பள்ளிக்கூடத்துக்குக் கக்கூஸ் என்று ஒன்று இருந்தது, கதவு பூட்டியிருக்கும், சாவி தலைமையாசிரியரின் மேசையில். எனவே களத்தைத் தாண்டி உடைமரக் காட்டுக்குள் ஓடுவேன். எல்லா நாளும் போய்ச் சேர முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை கணக்குப் பாடத்தில் எழுந்து நின்ற இடத்திலேயே என் பாவாடை வழியாக நடந்தது நடந்துவிட்டது. அதற்கு மேல் விவரிக்கப் போவதில்லை. அன்றிலிருந்து பள்ளி முடியும் வரை எனக்கு ‘கழிச்சல் ஸ்டெல்லா’ என்று பெயர். என் கல்யாணத்துக்கு வந்த ஒருத்தி கூட, பந்தியில் பாயசம் போடும்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாள், நாசமாய்ப் போனவள்.

வீட்டில் சொன்னேன். அழுது சொன்னேன். பால் குடித்தால்தான் இப்படி ஆகிறது, சனி ஞாயிறு வயிறு நன்றாக இருக்கிறது, நீயே பார் என்று ஒன்பது வயதுக்கு எட்டிய நியாயத்தையெல்லாம் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் டீச்சர் தாய்மார்களை உட்காரவைத்து, பால் எலும்புக்கு, பால் பல்லுக்கு, பால் மூளைக்கு என்று படத்தைத் தொட்டுத் தொட்டுப் பேசியிருந்தார். பிரசங்கத்தில்கூடத் தூங்குகிற அம்மா அன்றைக்குக் கண் இமைக்காமல் கேட்டாளாம். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே எழுத்தில் இருப்பதெல்லாம் அவளுக்கு வேதம். பொதுவாக வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவள், உண்மையான பாலே வந்து நின்றால் விடுவாளா? ‘எழுத்துல போட்டுருக்குளா, உன் வயித்துக்கு என்ன தெரியும்’ என்று ஒரே வார்த்தையில் என்னை முடித்துவிட்டாள்.

இதோடு போயிருந்தால் நான் இவ்வளவு நீட்டி எழுத மாட்டேன். எங்கள் கரையில் பெரியவர்கள் சொல்லிவைத்த கட்டளை ஒன்று உண்டு. ‘மீனு கெடக்குற வயித்துல பாலு எறங்கப்படாது.’ இறங்கினால் மேலெல்லாம் வெண்படை வந்துவிடும். பத்துக் கட்டளைகளில் ஏழெட்டை மீறுகிறவர்கள்கூட இந்தக் கட்டளையை மீறியது கிடையாது. மீறுவதற்கு வாய்ப்பே இருக்கவில்லை என்பதுதான் உண்மை. எங்கள் வீடுகளில் காலையும் மாலையும் கருப்பட்டிக் காப்பி, அதுவும் வெறும் காப்பி. சாமியார் வீட்டுக்கு வருகிற அன்றைக்குத்தான் பால் வாங்குவோம். இப்போது பள்ளிக்கூடம் தினமும் ஒரு தம்ளர் பாலை என் வயிற்றில் ஊற்றுகிறது. டீச்சர் எழுத்தில் வைத்திருக்கிற பாலை நிறுத்த முடியாது. அப்படியானால் எதை நிறுத்துவது? அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் என் தட்டிலிருந்து மீனை எடுத்துவிட்டாள்.

கடற்கரைப் பிள்ளையிடமிருந்து மீனை எடுப்பது என்றால் என்ன என்று கேளுங்கள். காலையில் பழைய சோற்றுக்கு முந்தின நாள் சாளைக் குழம்பு, இரவெல்லாம் சட்டியில் ஊறி, முள்ளே வெண்ணெயாக மிருதுவாகியிருக்கும், அது போயிற்று. மத்தியானத்துக்குத் தேங்காயோடு அரைத்த கூனி இறால் பொடித் துவையல், அதுவும் போயிற்று. ராத்திரி மட்டும் சாப்பிடலாம் என்று முதலில் சொன்னாள். பிறகு பால் செரிக்க எவ்வளவு நேரமாகும் என்கிற சந்தேகம் அவளுக்கு வந்துவிட்டது. ஊரில் யாருக்கும் விடை தெரியவில்லை, டீச்சரிடம் போய் மீனைப் பற்றிக் கேட்க வெட்கம். ராத்திரி மீனும் நின்றது. நானும் தம்பியும் ஒரே பாயில் உட்கார்ந்திருப்போம். அவன் நெத்திலிப் பொரியலைத் தலையோடும் வாலோடும் கடித்து மொறுமொறுவென்று மெல்லுவான், எனக்குப் பாசிப்பயறும் ரசமும். சுண்ணாம்புச் சத்துக்காகப் பால் குடிக்கவைத்து, அந்தப் பாலுக்காக முள்ளோடு தின்கிற மீனைப் பிடுங்கிய கூத்து வேறெந்த ஊரிலாவது நடந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் ஒரு வருடம் நடந்தது.

நடுவில் ஒரு வேடிக்கையும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் பாவம். எதிர்வீட்டு பிலோமி அக்கா பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறுவதற்கு எங்கள் பக்கம் பால்சுறாவை அவித்து, உதிர்த்து, பூண்டும் மிளகும் போட்டுப் புட்டு செய்து கொடுப்பார்கள். பிலோமி அக்கா எனக்கும் ஒரு கிண்ணம் நீட்டினாள். அம்மா தடுத்தாள், பிலோமி அக்கா விடவில்லை, இரண்டு பேரும் வாசலில் நின்று வழக்குப் பேசினார்கள்: பால்சுறா மீனா, பாலா? கடைசியில் அம்மாவே தீர்ப்பு சொன்னாள். பேரிலேயே பால் இருக்கிறது, தின்றவளுக்குப் பாலும் சுரக்கிறது, எனவே அது பாலுக்குப் பங்காளி, பகை கிடையாது. அன்றைக்கு நான் அந்தக் கிண்ணத்தை நக்கித் துடைத்தேன். அதன் பிறகு பால்சுறா எந்த வள்ளத்திலாவது பட்டால் முதலில் ஓடிப் போய்ப் பார்ப்பவள் நான்தான். பாழாய்ப் போன சுறா, மாதத்துக்கு ஒருமுறைகூடப் படாது.

ஆறேழு மாதத்தில் நான் வலைக் கம்பாக மெலிந்துவிட்டேன். மாதாமாதம் டீச்சர் எங்களை நிறுத்தி எடை பார்ப்பார். என் பெயருக்கு நேரே எழுதும்போது அவர் உதட்டைக் கடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பிறகு என் இடது கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, வெளிறின தேமல் ஒன்று வந்தது. டீச்சர் அதைத் தடவிப் பார்த்து, சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று சொல்லி, அன்றிலிருந்து எனக்கு மட்டும் இரண்டு தம்ளர் என்று உத்தரவு போட்டார். பாசத்தோடுதான் போட்டார். இரண்டாவது தம்ளருக்கு அண்டாவின் அடியை வழித்து ஊற்றுவார்கள், கட்டியும் கருகலுமாக இருக்கும்.

அதே தேமலை அம்மா ஞாயிற்றுக்கிழமை வெயிலில் பார்த்தாள். பூசை முடிந்து வந்ததும் வாரந்தோறும் என்னை முற்றத்தில் நிறுத்தி, கழுத்து, முதுகு, காது மடல் என்று வெண்படை தேடுவது அவள் வழக்கம். இப்போது கிடைத்துவிட்டது. பாலும் மீனும் சேர்ந்தால்தானே இது வரும்? பால் பள்ளிக்கூடத்தில் குடிக்கிறாள், மீன் வீட்டில் கொடுக்கவில்லை, அப்படியென்றால் எங்கோ களவாகத் தின்றிருக்கிறாள். முற்றம் பெருக்குகிற வாரியலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“உள்ளதச் சொல்லுளா, யாரு வீட்டுல மீன் தின்ன?”

நான் தின்னவில்லை. அந்தோணியார் மேல் ஆணையாக, அப்பா போகிற வள்ளத்தின் மேல் ஆணையாக நான் தின்னவில்லை. தின்றிருந்தால்கூட அடி வாங்குவதற்கு ஒரு கணக்கு இருந்திருக்கும். வாரியலின் ஈர்க்குகள் முறிந்து முற்றத்தில் சிதறுகிற வரை அடித்தாள், நான் இல்லை இல்லை என்றே சொன்னேன், அவள் சொல்லு சொல்லு என்றே கேட்டாள். அம்மா ஒரே ஒருமுறை என்னை நம்பினால் போதும் என்று மட்டும்தான் அப்போது எனக்கு இருந்தது. பால் நிற்காவிட்டாலும் பரவாயில்லை, மீன் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, சரி, நீ பொய் சொல்லவில்லை என்று அவள் சொல்லிவிட வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் அவளே பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். வந்தது எனக்காகப் பேசுவதற்கு இல்லை, என் மேல் புகார் சொல்ல. பிள்ளை பால் குடிக்காமலிருக்க நொண்டிச் சாக்கு சொல்லுகிறாள், நீங்களே கண்டித்து வையுங்கள் என்று டீச்சரிடம் சொன்னாள். மணி பதினொன்று. டீச்சர் சிரித்துக்கொண்டே, நீங்களும் குடித்துக் காட்டுங்கள், பிள்ளை பார்க்கட்டும் என்று ஒரு தம்ளரை நீட்டினார். அம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நற்கருணை வாங்குகிறவளைப் போல இரண்டு கையாலும் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, எங்களைப் போலவே கவிழ்த்தும் காட்டினாள். முழு வகுப்பும் கை தட்டியது. எனக்கு அவளைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

டீச்சர் என்னை அவளோடு வீட்டுக்கு அனுப்பிவைத்தார். களத்தைத் தாண்டும்போதே அம்மாவின் நடை மாறியது. இடுப்பைப் பிடித்தாள். நின்றாள். நெற்றியில் வேர்வை. ‘சேசுவே’ என்றாள். பிறகு என்னிடம், ரோட்டைப் பார்த்து நில்லு, யாராவது வந்தால் குரல் கொடு என்று சொல்லிவிட்டுச் சேலையைத் தூக்கிக்கொண்டு உடைமரத்துக்குப் பின்னால் ஓடினாள். நான் ஓடுகிற அதே உடைமரம். உள்ளே என்ன நடந்தது என்பதைக் காதால் கேட்டேன். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ, ஆனால் அவ்வளவு சந்தோஷம். என் வயிறு பொய் சொல்லவில்லை, அம்மாவின் வயிறே சாட்சி. வெளியே வந்ததும் என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நினைத்தேன்.

வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலேயே, நேற்று வைத்த குழம்பு ஊசிப்போயிருக்கிறது என்றாள். அடுத்த நாள் பதினோரு மணிக்கு நான் தம்ளரோடு வரிசையில் நின்றேன், இரண்டு தம்ளர். பால் மேல் இருந்த அருவருப்பில் பாதி அன்றிலிருந்து அம்மா மேல் திரும்பிவிட்டது. வளர்ந்த பிறகும் அவள் கையால் சோறு வாங்கும்போது எனக்கு அந்த முந்தானை ஞாபகம் வந்து தொலைக்கும்.

ஒரு நல்லவரும் வந்து என்னைக் காப்பாற்றவில்லை. மாவு மூட்டையில் வண்டு விழுந்தது; இரண்டு வாரம் வண்டைச் சலித்துக் கொடுத்தார்கள், பிறகு மூட்டை வருவதே நின்றுவிட்டது. டீச்சர் மாற்றலாகிப் போனார். என் தட்டுக்கு மீன் திரும்பி வந்தது. கன்னத்துத் தேமல் அந்தக் கோடை முடிவதற்குள் இருந்த இடம் தெரியாமல் போனது.

இப்போது நான் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். பள்ளிக்கூடத்தின் சமையல் கொட்டகை இல்லை, கருவாட்டுக் களத்தில் திருமண மண்டபம் வந்துவிட்டது, உடைமரக் காடு வீட்டு மனையாகிவிட்டது. சாளையை லாரி லாரியாக மீன்மாவு மில்லுக்கு ஏற்றிப் போகிறார்கள், கோழித் தீவனத்துக்காம். பால்சுறாவைப் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. அலுவலகத்தில் வருடத்துக்கு ஒருமுறை சத்துணவு ஆலோசனை என்று வழவழப்பான தாள் கொடுக்கிறார்கள், அதிலும் நடுவில் ஒரு தம்ளர் பால்தான். பாலைக் குற்றம் சொல்ல நான் யார்? ஒத்துக்கொள்கிறவர்களுக்கு அது நல்ல உணவு. சில உடம்புகளுக்குச் சின்ன வயதைத் தாண்டியதும் பாலில் இருக்கிற இனிப்பைச் செரிக்கும் சக்தி குறைந்துவிடுகிறது, அவர்களுக்குக் கேழ்வரகும் கீரையும் முள்ளோடு தின்கிற சின்ன மீனும் உண்டு என்று டாக்டர் ஒருவர் எனக்கு நிதானமாக விளக்கினார். அதை யாராவது அந்தப் படத்தின் ஓரத்தில் எழுதியிருக்கலாம்.

அம்மா என்னோடுதான் இருக்கிறாள். போன மாதம் குளியலறையில் வழுக்கி மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். எலும்பு தேய்ந்திருக்கிறது, காலையும் இரவும் ஒரு தம்ளர் பால் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அந்தத் தாளை நான் வாசித்துக் காட்டினேன்.

“எனக்குப் பாலு ஆகாதுளா,” என்றாள்.

எப்போதிருந்து என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றாள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் கொடுத்த அன்றைக்கே. குழம்பு ஊசிப்போகவில்லை, அன்று காலையில் வெறும் காப்பியைத் தவிர அவள் எதையும் தொட்டிருக்கவில்லை. அதைத் தெரிந்துகொண்டுமா என்னைத் தொடர்ந்து குடிக்கவைத்தாய் என்று கேட்டேன். டீச்சரைப் போல நானும் மடிப்புக் கலையாத சேலை கட்டிக்கொண்டு, மீன் வாடை இல்லாமல், மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாளாம். அதற்கு வழி அந்தத் தம்ளர்தான் என்று நினைத்தாளாம். அதைக்கூட விழுங்கிக்கொண்டேன். பிறகு, இத்தனை வருடம் வாய்க்கு வராத கேள்வியைக் கேட்டேன்.

“அப்ப அந்த வாரியல் அடி எதுக்கும்மா? நான் மீன் திங்கலையே.”

கட்டுப் போட்ட கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“நீ திங்கலன்னு தெரியும். டீச்சர் படிச்சவுக, அவுக மேல குத்தம் சொல்ல முடியாது. பெரியவுக சொன்ன சொல்லு, அதுமேலயும் சொல்ல முடியாது. மிச்சம் நீதானளா இருந்த.”

அன்றைக்கு வாங்கிய அடி எனக்குப் பெரிதாக வலிக்கவில்லை. அம்மா என்னை நம்பவில்லையே என்பதுதான் இத்தனை காலம் வலித்தது. நம்பிக்கொண்டேதான் அவள் அடித்தாள்.